அறுநூறு ரூபாய்தானே

ஒரு ப்ராஜெக்ட் முடிந்ததைக் கொண்டாட டீமோடு ஓட்டலுக்குப் போனோம். பில்லைச் சமமாகப் பிரித்ததில் தலைக்கு 600 ரூபாய் வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒரு வெஜ் ஃப்ரைடு ரைஸ்தான் சாப்பிட்டிருந்தான். "அறுநூறா அண்ணா?" என்றான். "அறுநூறு ரூபாய்தானேடா, ஜிபே பண்ணிடு" என்றேன்.

அடுத்த முறை கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்றான். அதற்கடுத்த முறையும் அதையேதான் சொன்னான்.

அவன் சொன்னது 'ஆ', நான் சொன்னது 'தானே'. விலை ஒன்றுதான். ஒட்டிக்கொண்ட விகுதி அவரவர் பர்ஸிலிருந்து வந்தது.

அவன் கணக்கு எனக்குத் தெரியாது, என் கணக்கு தெரியும். 2012-இல் என் சம்பளம் 18,000. வீட்டுக்கு 7,000, மேன்ஷனுக்கும் மெஸ்ஸுக்கும் 6,500 போக, கையில் நிற்பது 4,500. இன்று சம்பளம் பத்து மடங்கு. அப்படியானால் அன்றைய 600 இன்று 6,000-க்குச் சமமா? இல்லை. இப்போது எல்லாச் செலவும் போக 90,000 மிஞ்சுகிறது. அதாவது இருபது மடங்கு. மிச்சத்தோடு ஒப்பிட்டால் அன்றைய 600 இன்றைய 12,000. "பன்னிரண்டாயிரம்தானே" என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

கூடுதலாக வரும் பணத்தின் பயன், கையில் ஏற்கெனவே இருப்பதற்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்று டேனியல் பெர்னூலி 1738-லேயே எழுதிவிட்டார். பின்லாந்தில் 1921 முதல் சில குற்றங்களுக்கான அபராதத்தை வருமானத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். அதிலும் அடிப்படைச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கழித்த பிறகுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. மேன்ஷன் கதையை ஜூனியர்களிடம் பெருமையாகச் சொல்பவன்தான் நான். கஷ்டப்பட்டேன் என்ற தகவல் நினைவில் இருக்கிறது. 600 ரூபாயைக் கொடுக்கும்போது உள்ளுக்குள் என்ன நடக்கும் என்பது மறந்துவிட்டது. ஒவ்வொரு இன்கிரிமென்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டும். கஷ்டப்பட்டவனுக்கு எல்லாம் புரியும் என்ற நம்பிக்கை மட்டும் போகவில்லை. அந்த நம்பிக்கையில்தான் அன்று அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் பேசினேன்.

இப்போது பில் வந்தால், "அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க" என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கஞ்சன் என்று கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். அதை அவன் சொல்லியிருந்தால் கூனிக்குறுகிப் போயிருப்பான். எனக்கு அது வெறும் கிண்டல்தானே.