துயிலாப் பிள்ளைக்குத் துணை

சிராவகப் பெருமக்களே! உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் இயல்பென்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் உணர்த்தினார். மார்ச் மாதப் பொதுத்தேர்வை எண்ணி உறக்கமின்றி வருந்தும் பிள்ளைக்கு அவ்வுதவியை முதலில் அளிக்க வல்லவர் உடன் பயிலும் தோழரே.

சாலவாக்கம் போன்ற சிற்றூர்களில் மாணவர் மாலையில் இருவர் இருவராய் அமர்ந்து தம் அச்சத்தை வாய்விட்டுக் கூறட்டும். கேட்பவர் நகையாது கேட்கட்டும். இரவில் நூலை மூடியபின், நம் காயோத்சர்க்க நெறிப்படி, பாதம் முதல் தலைவரை ஒவ்வோர் உறுப்பாய்த் தளர்த்தி, மூச்சை மெல்ல விடுவாராக. 1975இல் உருவான பிரேக்ஷா தியானத்திலும் இதுவே முதற்படி.

“வாழப் பிடிக்கவில்லை” என்று தோழர் சொன்னால், அதை மறைப்பது நட்பன்று. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உடனே உரைத்தல் வேண்டும். 14416 என்னும் இலவச மனநல உதவி எண்ணும் இரவுபகலாய் உண்டு. மதிப்பெண்ணினும் உயிர் பெரிதென நாம் இல்லந்தோறும் சொல்வோம். உயிரோம்பலே அகிம்சை.