முள்ளங்கிக் கோபுரங்கள்

ஒருவன் உழைத்துக் கட்டியதை இன்னொருவன் தின்று தீர்ப்பது பாவமா? கேள்வி பெரியது. இதற்கு நான் கண்ட நல்ல விசாரணை எந்தத் தத்துவ நூலிலும் இல்லை. குழந்தைகளுக்கான ஒரு பொம்மைத் தொடரில் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். பொம்மைகளிடம் ஒரு சௌகரியம் உண்டு. மனிதர்களை வைத்து இதே விஷயத்தைச் சொன்னால், 'என்னைத்தானே சொல்கிறாய்?' என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

தொடரின் பெயர் 'பிராகிள் ராக்'. ஜிம் ஹென்சன் என்ற அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞரின் படைப்பு. 1983 ஜனவரியில் ஆரம்பித்து 1987 வரையில் 96 பகுதிகள் தொலைக்காட்சியில் வந்தன. படம் பிடித்த இடம் கனடாவின் டொராண்டோ நகரம். 2022-இல் அதே உலகத்தை வைத்துப் புதிய தொடர் ஒன்றும் எடுத்தார்கள். பழையதைக் குழந்தையாக இருந்து பார்த்தவர்களுக்கு இன்று நரை விழுந்துவிட்டது. ஆனாலும் அந்த உலகத்தின் நியாய அநியாயங்களைப் பற்றி அவர்களுக்குள் நடக்கும் வாதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை.

பாறைக் குகைகளுக்குள்ளே பிராகிள்கள் என்ற கூட்டம் வாழ்கிறது. பாட்டும் கூத்தும்தான் அவர்கள் வாழ்க்கை. வாரத்துக்கு 30 நிமிஷம் வேலை செய்தால் போதும். அதற்கே அலுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதே குகைகளில் அவர்களுடைய முழங்கால் உயரமே உள்ள டூசர்கள் என்ற சின்னஞ்சிறு ஜாதி ஒன்றும் இருக்கிறது. தலையிலே கவசத் தொப்பி, ஓயாத வேலை. முள்ளங்கியை அரைத்துப் பளபளவென்று குச்சிகளாக வார்த்து, அவற்றைக் கொண்டு கோபுரமும் பாலமுமாகக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். பிராகிள்களுக்கோ அந்தக் குச்சி என்றால் உயிர். போகிற போக்கில் ஒரு கோபுரத்தின் உச்சியை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். டூசர்கள் முகம் சுளிப்பதில்லை. மறுபடியும் கட்டுவார்கள்.

மோக்கி என்ற பிராகிள் பெண்ணுக்கு ஒருநாள் மனசு கேட்கவில்லை. பாவம், இத்தனை பாடுபட்டுக் கட்டுகிறார்கள், நாம் தின்று அழிக்கிறோமே என்று உருகிப் போகிறாள். பேச்சாலும் பாட்டாலும் யாரையும் எதற்கும் இணங்க வைத்துவிடக்கூடிய ஒரு பிரசங்கியை அழைத்து வருகிறாள். (அந்தப் பிரசங்கிக்குக் குரல் கொடுத்து ஆட்டுவித்தவர் ஹென்சனேதான், உபதேசிகளைக் கேலி செய்வதில் அவருக்கும் ஒரு குஷி இருந்திருக்க வேண்டும்.) பிராகிள்கள் எல்லோரும் இனி கட்டடங்களைத் தொடுவதில்லை என்று சபதம் செய்கிறார்கள். கோபுரங்கள் வளர்ந்து குகையை நிறைக்கின்றன. அடுத்த கல்லை வைக்க இடமில்லை. அப்போது டூசர்கள் என்ன செய்கிறார்கள்? மூட்டை கட்டுகிறார்கள். 'தின்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் நமக்கு என்ன வேலை? வேறு இடம் பார்ப்போம்' என்கிறார்கள். தங்கள் கட்டடம் தின்னப்படவேண்டும் என்றுதான் அவர்கள் கட்டியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த பிறகு மறுபடியும் தின்கிறார்கள், மறுபடியும் கட்டுகிறார்கள்.

மோக்கியின் இரக்கத்தில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இரக்கத்தில் ஒன்று குறைந்திருந்தது. பிரசங்கியைத் தேடிப் போனவள், காலடியில் வேலை செய்துகொண்டிருந்த டூசரிடம் குனிந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மணி நேரம் அடுப்படியில் வெந்து சமைத்த ஒருத்தியின் முன்னால் உட்கார்ந்து, 'ஐயோ, இவ்வளவு பாடுபட்டாயே, இதை எப்படித் தின்பேன்!' என்று இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறவனை என்னவென்று சொல்வது?

இந்த உவமையை எழுதிய கையோடு ஒரு சங்கடமும் வருகிறது. சமைத்தவள் சாப்பிட்டாளா என்று கேட்காமலே மூன்று வேளையும் வக்கணையாகச் சாப்பிட்டுவிட்டு, 'பரிமாறுவதில்தான் அவளுக்குச் சந்தோஷம்' என்று சொன்ன ஆண்கள் எத்தனை தலைமுறை! அடிமைகளை வைத்திருந்தவர்கள்கூட இப்படித்தான் சொன்னார்கள்: அவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், பாடிக்கொண்டே வேலை செய்கிறார்களே என்று. இந்தத் தொடரையும் அந்தக் கணக்கிலே சேர்த்துக் கண்டிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூட்டை. டூசர்கள் போக நினைத்தார்கள். போவதற்குக் கிளம்பவும் செய்தார்கள். வழியை மறித்து யாரும் கம்போடு நிற்கவில்லை. அடிமை மூட்டை கட்டமாட்டான். கட்டினால் இரவில், ஒருவருக்கும் தெரியாமல் கட்டுவான். பகல் வெளிச்சத்தில் குழந்தை குட்டிகளோடு கிளம்ப முடிந்தவன் தங்கியிருந்தான் என்றால், அந்தத் தங்கலுக்கு ஓர் அர்த்தம் உண்டு. காட்டர்பின் என்று ஒரு டூசர் பெண் வருகிறாள். வயது வந்ததும் தொப்பி அணியவேண்டும் என்ற ஜாதி வழக்கமே அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் மனம் பதிகிறாள். அவளை யாரும் ஒதுக்கிவிடவில்லை. இருந்தாலும், 'என் கோபுரம் அப்படியே நிற்கட்டும், அதை யாரும் தொட வேண்டாம்' என்று ஒரு டூசர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். எழுதுகிறவனுக்கு அந்த ஆசை நன்றாகவே புரியும்.

இத்தனை வாதத்திலும் ஒருவனை எல்லோரும் மறந்துவிடுகிறோம். முள்ளங்கி எங்கிருந்து வருகிறது? கார்க்குகள் என்ற பூதாகாரமான குடும்பத்தின் தோட்டத்திலிருந்து. அப்பா தம்மை அண்டத்துக்கே ராஜா என்று நினைத்துக்கொண்டிருப்பவர், அம்மா ராணி, மண்ணில் இறங்கிப் பாடுபடுகிறவன் பிள்ளை ஜூனியர். முள்ளங்கியிலிருந்து செய்த களிம்பைப் பூசிக்கொள்ளாவிட்டால் அவர்கள் உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தே போய்விடும். ஆகவே அவர்களுக்கு அது வெறும் காய்கறியல்ல, உயிர்ப் பிரச்னை. பிராகிள்கள் கிணற்று வழியாக ஏறிவந்து அதைத் திருடுகிறார்கள். ஜூனியர் துரத்துகிறான். பார்க்கிற குழந்தைகள் பிராகிள் பக்கம் நின்று கைதட்டுகின்றன. அவன் உருவத்தில் பெரியவன், மந்த புத்திக்காரன், ஆகையால் அவன்தான் துஷ்டன்!

தின்னக் கொடுக்க வேண்டும் என்று அவன் பயிரிடவில்லை. தோட்டத்தை விட்டுவிட்டு மூட்டை கட்டவும் அவனுக்கு வழியில்லை. மோக்கி டூசர்களுக்காகப் பிரசங்கியைக் கூட்டி வந்தாள் அல்லவா, அன்று அவள் கண்ணீருக்கு நடுவே நினைத்துப் பார்க்காத ஆள் இவன்தான். மறுநாள் காலையிலும் அவன் அதே பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்.