பதிலுக்குப் போனவன்

மியன்மாரின் மக்கள் இராணுவ சேவைச் சட்டம் 2010இல் எழுதப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது தாளிலேயே கிடந்தது. 2021 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், 2023 அக்டோபர் 27 அன்று ஷான் மாநிலத்தில் தொடங்கிய தாக்குதலில் அடுத்தடுத்து முகாம்களை இழந்த பின், 2024 பிப்ரவரி 10 அன்று அதைத் தூசி தட்டி எடுத்தது. 18 முதல் 35 வயது வரை ஆண்களும் 18 முதல் 27 வரை பெண்களும் இரண்டு ஆண்டு பணியாற்ற வேண்டும், மருத்துவர், பொறியாளர் போன்றோருக்கு வயது வரம்பும் காலமும் கூடுதல், நெருக்கடி நிலையில் ஐந்து ஆண்டு வரை நீட்டலாம், தப்பினால் சிறை. ஆண்டுக்கு 60,000 பேர், தொகுதிக்கு 5,000 பேர் என்று கணக்கும் சொல்லப்பட்டது. சில நாட்களிலேயே யாங்கோனில் தாய்லாந்துத் தூதரகத்தின் முன் விசா கேட்டு இளைஞர்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். மாண்டலே பாஸ்போர்ட் அலுவலக நெரிசலில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். போக வழியிருந்தவர்கள் போனார்கள். மே மாதம் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கான அனுமதி நிறுத்தப்பட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு வார்டு அலுவலகத்தின் பட்டியலும் குலுக்கல் சீட்டும்தான். அங்கே, சட்டத்தில் எங்கும் எழுதப்படாத ஒரு சந்தை உருவாயிற்று. சீட்டு விழுந்த வீடு பல இலட்சம் கியாட் கொடுத்து வேறொருவனை அனுப்புகிறது. தன் பிள்ளைக்குப் பதிலாக இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் காசு கொடுத்து அனுப்புவது எப்படிப்பட்ட செயல்?

வழக்கம் புதிதல்ல. மியன்மாரிலேயே முன்பு இராணுவத்துக்குச் சுமை தூக்க ஆள் கேட்டு வந்தபோது, முடிந்த குடும்பங்கள் பணம் கட்டின, அல்லது கூலிக்கு ஒருவனைப் பிடித்து அனுப்பின. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு 1998இல் இதையெல்லாம் விரிவாகப் பதிவுசெய்தது. அந்த வேலை வாங்கலுக்குத் துணை நின்றவை ஆங்கிலேயர் 1907இல் இயற்றிய கிராமச் சட்டமும் நகரச் சட்டமும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863ஆம் ஆண்டுச் சட்டமே 300 டாலர் கட்டி விலகவும், பதிலாள் அமர்த்தவும் இடம் கொடுத்தது. அப்படிப் பதிலாள் அமர்த்திய குரோவர் கிளீவ்லாண்ட் பின்னாளில் இருமுறை குடியரசுத் தலைவரானார். சட்டம் வந்த அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க்கின் ஏழைகள் கலவரத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய கோபம் கடைசியில் விழுந்தது தங்களைவிட ஏழைகளான கறுப்பின மக்கள்மீது. பிரான்சு 1872இல் இம்முறையை ஒழித்தது. அறம் விழித்துக்கொண்டதைவிட, பிரஷ்யாவிடம் பட்ட தோல்விதான் அதற்குப் பெரிய காரணம்.

பணம் கொடுப்பவர் தரப்பின் முதல் வாதம், போகிறவன் சம்மதித்துத்தானே போகிறான் என்பது. யாங்கோனின் ஓரத்தில் லைங் தாயாவிலும் ஷ்வே பியீதாவிலும் அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒருவனுக்கு அந்தத் தொகை பல ஆண்டுச் சம்பாத்தியம். அவன் வீட்டுக் கடன் அடைகிறது. வறுமையில் கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் சரியல்ல. யாங்கோனுக்கு வெளியே தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவுத் தூண்களில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் மிகப் பலர் இந்தியப் படையினர், கட்டாயமின்றிச் சேர்ந்தவர்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் சம்பளத்துக்காக வந்தவர் குறைவில்லை. அதனால் அந்த முடிவு அவர்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் சம்மதம் என்ற சொல் இங்கே பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. மாற்றாளிடமிருந்து வாங்கப்படுவது சாகும் அபாயம் மட்டுமல்ல. இந்த இராணுவம் போரிடுவது பெரும்பாலும் சொந்த நாட்டு மக்களோடு. சகாயிங்கில் எரிந்த ஊர்கள் அதற்குச் சாட்சி. மூன்று மாதப் பயிற்சி கொடுத்து அனுப்பப்படுகிறவனிடம், ஊருக்குள் சுடு என்று உத்தரவு வரலாம். அப்போது அவன் சுமக்கப்போகும் பழியும் அந்தத் தொகைக்குள் அடக்கம். கூலிக்கு மாரடிக்க ஆள் வைக்கலாம். கூலிக்குப் பாவம் செய்ய ஆள் வைத்தால், வைத்தவர் கணக்கிலிருந்து அது எப்படிக் கழியும்? ‘என் மகன் யாரையும் கொல்ல வேண்டாம்’ என்று மனசாட்சியின் பெயரால் பணம் எடுத்துக் கொடுக்கும் பெற்றோர், அதே மனசாட்சியின் பெயரால் இதையும் கேட்டுக்கொண்டாக வேண்டும்.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. வார்டு இத்தனை பேரைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒருவன் தாய்லாந்துக்கு ஓடிவிட்டாலும் அடுத்த பெயர்க்காரன் போகத்தான் போகிறான். ஓடியவனைக் குறை சொல்லாமல், பணம் கொடுத்தவரை மட்டும் குறை சொல்வானேன்? பலனை மட்டும் எடைபோட்டால் இதற்கு விடை கிடையாது. செய்த செயல்களோ வேறு வேறு. ஓடுகிறவன் அநியாயமான உத்தரவுக்கு உடன்பட மறுக்கிறான். அவன் இடத்தை இன்னொருவனால் நிரப்புவது அதிகாரியின் முடிவு. அவன் போனதை எல்லோரும் பின்பற்றினால் அந்தப் படைக்கு ஆள் கிடைக்காது. பதிலாள் அனுப்புகிறவர் அந்த உத்தரவை நிறைவேற்றிக் கொடுக்கிறார். ஆளைத் தேடி, விலை பேசி, ஒப்படைப்பதுவரை அதிகாரி செய்ய வேண்டிய வேலையைத் தாமே செய்து முடிக்கிறார். எல்லோரும் இப்படிச் செய்தாலும் படை நிரம்பிக்கொண்டேயிருக்கும். நிரம்புவது யார் வீட்டுப் பிள்ளைகளால் என்பதுதான் மாறும்.

தமிழ் வாசகர் சிலருக்கு இந்த இடத்தில் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுத் தாய் நினைவுக்கு வரலாம். தந்தையும் கணவனும் களத்தில் மாண்ட பின்னும் ஒரே மகனைப் போருக்கு அனுப்பியவள். அவளைக் காட்டி யாங்கோன் தாயைக் கோழை என்பது அநியாயம். புறநானூற்றுத் தாயின் வீட்டுக் கதவை யாரும் பட்டியலோடு தட்டவில்லை. கட்டாயம் வரும்போது பெற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அறிய அவ்வளவு பழங்காலத்துக்குப் போகவும் வேண்டாம். இலங்கை உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் கேட்டபோது, பிள்ளைகளைப் பதுங்குகுழியில் ஒளித்தார்கள், அவசரத்தில் கல்யாணம் செய்துவைத்தார்கள். இயக்கத்தின் நோக்கத்தை மனதார ஏற்றிருந்த வீடுகளிலும் இது நடந்தது. மியன்மாரிலும் இராணுவம் மட்டுமே இப்படிக் கேட்பதாக எண்ண வேண்டாம்; வா படை போன்ற இன ஆயுத அமைப்புகளும் வீட்டுக்கு ஒருவர் எடுப்பது நெடுநாள் வழக்கம். ஆக, பிள்ளையைக் காக்க நினைப்பதில் குற்றமே இல்லை. பெற்றவரின் கடமை தன் பிள்ளையை நோக்கி எவ்வளவு ஆழமாக இறங்கினாலும், அடுத்த வீட்டுப் பிள்ளையை எடுத்துக் கொடுக்கும் உரிமையை மட்டும் அது தராது.

குற்றத்தின் வரிசை தெளிவானது. முதல் இடம் உத்தரவிட்டவர்களுக்கு. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி குடிமக்களே அல்ல என்று ஒதுக்கிய ரோஹிங்யாக்களையும் ராக்கைனில் 2024இல் பிடித்துப் படையில் சேர்த்தவர்கள், கடமை பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிட்டார்கள். அடுத்த இடம், பட்டியலைக் காட்டிக் காசு பறிப்பவர்களுக்கு. பணம் கொடுத்த குடும்பம் இவர்களுக்கெல்லாம் வெகு தூரம் பின்னால் நிற்கிறது. சிறைக்கும் போர்க்களத்துக்கும் நடுவே நின்று அது எடுத்த முடிவை, பாதுகாப்பான ஊரில் இருந்துகொண்டு யாரும் தூற்ற வேண்டியதில்லை. ஆனாலும் அது வெறும் கொடுக்கல் வாங்கல் அல்ல, தவறுதான். பணம் கைமாறியதோடு தீர்ந்துவிடுவதும் அல்ல. இரண்டு ஆண்டு ஐந்தாக நீளலாம், பேசிய தொகையோ நீளாது. ஆகவே ஆள் அனுப்பியவர்களும், அதற்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய உறவினர்களும் செய்ய வேண்டியது இது: அவன் திரும்பும்வரை அவன் வீட்டு அரிசிக்கும் வாடகைக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஊனமாகத் திரும்பினால் மருத்துவச் செலவைப் பாருங்கள். ஒருவேளை அவன் முகாமைவிட்டு ஓடிவந்துவிட்டால், பேசிய காலம் முடியவில்லையே என்று கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், அவன் இருக்குமிடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்.