மடையைத் திறப்பது யார்?

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகளின் முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் இது. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம், ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை.

அந்த ஆறு பேர் யாராக இருக்கலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35 முதல் 70 வரை. வேதப் பயிற்சி வேண்டும். பெண் கூடாது என்று எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. கணக்குக் காட்டாதவரின் உறவினர்களை விலக்கும் இடத்தில் மட்டும் தாயின் சகோதரி, மனைவி என்று பெண்கள் வருகிறார்கள். ஓர் ஆணை இன்னோர் ஆணோடு இணைக்கும் இழையாக.

பத்தாம் நூற்றாண்டைக் குற்றம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. நிலம் உள்ளவருக்கே நீரைப் பற்றிப் பேச உரிமை என்ற அந்தத் தகுதி இன்றும் செல்லுபடியாகிறதே, அதுதான் என் கேள்வி.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல். மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்: “மடை எப்பக்கா திறப்பாங்க?” அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அது நெலத்துக்காரங்க சமாச்சாரம்மா. நமக்கு யார் சொல்லப்போறா?”

அவர் சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்குள்ள உறுப்பினர் ஆயக்கட்டின் நில உரிமையாளர். தமிழ்நாட்டில் மகள்களுக்குச் சொத்தில் சமபங்கு 1989இலேயே வந்தது; நாடு முழுவதும் 2005இல். ஆனாலும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு நிலப்பிடிப்புகளில் ஏறத்தாழ 14 மட்டுமே பெண்கள் கையில். ஊராட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்தது. ஆனால் 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள ஏரி ஊராட்சியின் கீழ் வராது, நீர்வளத்துறையுடையது. தலைவர் நாற்காலியில் பெண் உட்காரலாம். பெரிய ஏரியின் மடைச்சாவி அந்த மேசையில் இருக்காது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நூறு நாள் வேலையில் ஏரி, குளம், கால்வாய்களைத் தூர்வாரியவர்களில், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். குழாய் இல்லாத வீடுகளில் குடம் சுமப்பதும் பெரும்பாலும் அவர்களே. மண்ணை அள்ளுவது அவள், நீரைச் சுமப்பது அவள். பங்கிடும் பேச்சில் அவள் இல்லை.

பயிர் வாடினால் நட்டம் நிலத்துக்காரருக்கு, அதனால் முடிவும் அவருடையது என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் ஏரி வயலுக்கு மட்டும் நீர் தருவதில்லை. சுற்றியுள்ள கிணறுகளும் அடிபம்புகளும் ஊறுவது அதனால். ஆடு மாடு குடிப்பது அதில். இன்னொரு போகத்துக்காக அடிமடை வரை வடித்துவிட்டால், கோடையில் முதலில் வற்றுவது நிலமில்லாதவரின் கிணறு. நீள்வது அவர் வீட்டுப் பெண் நடக்கும் தூரம். அதுவும் நட்டம்தான். அதற்குப் பட்டா இல்லை, அவ்வளவே.

நிலமில்லாதவரை நம்பி நீரைப் பங்கிடும் பொறுப்பை ஒப்படைப்பது நமக்குப் புதிதும் அல்ல. ஏரிப்பாசன ஊர்களில் மடை திறந்து வயல்வயலாகத் தண்ணீர் கட்டிய நீர்க்கட்டிகளில் பலர் நிலமற்ற தலித்துகள். ஆயக்கட்டில் தனக்கென்று வயல் இல்லாதவரே ஒருபக்கம் சாயாமல் பங்கிடுவார் என்ற நம்பிக்கை பல ஊர்களில் இருந்தது. வேலைக்கு அவரை நம்பிய ஊர், அதிகாரத்துக்கு நம்பவில்லை. எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்ற முடிவு மேல்சாதி ஆண்களிடமே இருந்தது. நீரில் சாதி கலந்திருப்பதற்கு 1927இன் மகாட் குளமும் சாட்சி, 2022இன் வேங்கைவயல் தொட்டியும் சாட்சி. “பெண்கள்” என்று நாம் சொல்லும்போது எந்தத் தெருப் பெண்கள் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பெண் இயற்கைக்கு நெருக்கமானவள், அவளிடம் கொடுத்தால் நீர் பெருகும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் புகழ்ச்சி இன்னொரு சுமை. பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பது அவள் பிறப்பல்ல, அவள் செய்யும் வேலையும் அவளிடம் உள்ள சொத்தும்தான் என்று பொருளியலாளர் பீனா அகர்வால் வாதிட்டிருக்கிறார். நீர் எங்கே குறைகிறது என்பது சுமப்பவளுக்கு முதலில் தெரிகிறது. அந்த அறிவு சபையில் ஏற வேண்டும் என்பதே கோரிக்கை.

பற்றாக்குறை வந்தால் உடனே நம்மிடம்தான் சிக்கனம் பேசுகிறார்கள். குழாயை மூடு, அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்று. செய்கிறோம், நெடுநாளாகச் செய்துவருகிறோம். ஆனால் நாட்டின் நன்னீரில் ஐந்தில் நான்கு பங்கு போவது வேளாண்மைக்கு. ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு வைக்கும் அளவு நாளுக்கு 55 லிட்டர். ஒரு கிலோ அரிசிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 2,000 லிட்டருக்கும் மேல். ஒருவரின் ஒரு மாதத்துக்கும் அதிகமான பங்கு. எந்தப் பயிர், எத்தனை போகம், ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம் என்ற முடிவுகளில் இடம் தராமல் சமையலறையில் மட்டும் சிக்கனம் கேட்பது அறமாகாது. முடிவெடுக்கும் உரிமை இல்லாதவரிடம் பொறுப்பை மட்டும் கேட்பது அது.

ஆகவே பாசனச் சங்கத்தில் நிலப்பட்டாவை மட்டும் தகுதியாக வைப்பது போக வேண்டும். ஏரியைச் சார்ந்து வாழும் எல்லாரும், நிலமற்ற பெண்கள் உட்பட, வாக்குடன் அமர வேண்டும். கோடைக்கு என்று ஏரியில் நிறுத்த வேண்டிய நீர்மட்டத்தை அவர்களும் சேர்ந்து குறிக்க வேண்டும். அதற்குக் கீழே மடை திறக்கக் கூடாது. மழையை இது கூட்டாது. இருக்கும் நீர் யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு, ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தாவது, வேறு பதில் கிடைக்கும்.