படமும் சட்டமும்

அழுகிறவளைக் கண்டால் என் செய்வது? கண்ணீரைத் துடைப்பது என்போம். அவள் எதிரே கருவியை உயர்த்திப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவரும் உளர். அத்தொழில் அறமாகுமா?

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இரண்டு நாள் கழித்து, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். மணலில் வீழ்ந்து, உள்ளங்கைகளை விரித்துக் கதறும் ஒரு பெண். ஓரத்தில், மாண்டுபோன உறவினரின் கை மட்டும். அவ்வாண்டின் தலைசிறந்த செய்திப்படம் அதுவே என்று, 2005இல் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ அமைப்பு பரிசளித்தது.

"பிணத்தருகே நின்று பிழைப்பா?" என்று சினப்போர் உண்டு. சினம் நியாயம், தீர்ப்பு நியாயமன்று. அவர் கைகள் இரண்டும் ஒருத்தியின் கண்ணீரைத் துடைத்திருக்கும். ஆனால், துயரம் கண்ணில் பட்டால்தானே தொலைவிலுள்ளோர் கைகளும் நீளும்? 'விதி' என்று கூறி விலகுவோரையும் படம் தடுத்து நிறுத்தும். படத்தை மறைத்தால் துயரம் மறையாது. நம் கடமைதான் மறையும்.

எனினும், பயன் விளைந்ததால் செயல் தூயதாகிவிடுமா? ஆகாது. செல்வர் வீட்டில் சாவு விழுந்தால் வாயிற்கதவு சாத்தப்படும். கருவியோடு வருபவர் இசைவு கேட்டுக் காத்து நிற்பார். கடலோர ஏழைக்கோ மணல்வெளியே இழவு வீடு. அங்கே கதவு ஏது? கேட்பார் யார்? சிதம்பரத்தில் வெற்றுவெளிக்கு முன்னே திரை தொங்குகிறது. அதே மாவட்டத்துக் கரையில், உயிருள்ள ஒருத்தியின் துயரத்தை மறைக்க ஒரு முழத் துணியில்லை! இரகசியம் வெற்றிடத்துக்கு, அம்பலம் ஏழைக்கு!

அழுபவளிடம் அந்நொடியில் இசைவு கேட்க இயலாது என்பர். உண்மை. ஆனால், கேளாமல் பெற்றது கடன். அக்கடனைத் தீர்க்கும் வழி யாது? அப்படத்தையே மீண்டும் பார்ப்போம். மாண்டவரின் முகம் அதில் இல்லை. அதனால் துயரம் குறைந்ததா? இல்லை, இறந்தவர் மானம் காக்கப்பட்டது. படத்துக்கு நாற்புறமும் சட்டம் உண்டு. எதைக் காட்டுவது என்பது மட்டுமன்று, எதைக் காட்டாது விடுவது என்பதும் அச்சட்டமே. தன் தாய் வீழ்ந்து கிடந்தால் எங்கே நிறுத்துவோமோ, ஏழைத் தாயிடமும் அங்கேயே நிறுத்துவது படமெடுப்பவருக்குரிய சட்டம்.

இன்று கைப்பேசி ஏந்திய அனைவரும் படமெடுப்பவரே. சாலையில் அடிபட்டவரைச் சுற்றிக் கருவிகள் உயர்கின்றன. தூக்கிவிடக் கைகளைக் காணோம். தொழிலாகக் கொண்டவருக்காவது செய்தியை உலகுக்குச் சேர்க்கும் கடமை உண்டு. நமக்கு என்ன உண்டு, தோழர்களே?