தீங்கற்றது - யாருக்கு?

ஓசூர்ப் பகுதியில் நான் பங்குப்பணி ஆற்றிய நாள்களில், அறுவடை நன்றித் திருப்பலியின்போது முதியவர் ஒருவர் முட்டைக்கோஸ்களைக் காணிக்கையாகக் கொணர்ந்தார். இலைகளில் ஆங்காங்கே புழு அரித்த ஓட்டைகள். "சாமி, பார்வைக்கு நல்லா இருக்காது. ஆனா இது வீட்டுக்குன்னு தனியாப் போட்ட பாத்தி. மருந்து படாதது" என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். எனினும் அன்றிரவு என் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. தம் வீட்டாருக்கும் ஆலயத்திற்கும் ஒரு பாத்தி. முகமறியா நகரத்தாருக்கு மற்றொரு பாத்தி! அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. சந்தையில் ஓட்டை விழுந்த கோஸை ஒதுக்கித் தள்ளும் கைகளுள் என் கையும் ஒன்றல்லவா?

மறு ஆண்டு அவரே தேடி வந்தார். "கிருமியால ஆன மருந்து வந்திருக்கு சாமி. நஞ்சு இல்லையாம். நம்பி அடிக்கலாமா?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடியபோது எழுந்த எண்ணங்களையே அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தக் கிருமியின் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1911-இல் செருமானிய அறிஞர் பெர்லினர், மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்துத் துரிஞ்சியா மாநிலத்தின் பெயரை இட்டார். 1938-இல் பிரான்சில் இது விற்பனைக்கு வந்தது. 1961-இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது. இக்கிருமி தன்னுள் ஒரு புரதப் படிகத்தை உருவாக்குகிறது. புழுவின் காரத்தன்மை மிகுந்த குடலில் அப்படிகம் கரைந்து, குடற்சுவரைத் துளைக்கிறது. புழு உண்பதை நிறுத்திச் சில நாள்களில் மடிகிறது. நம் இரைப்பையோ அமிலத்தன்மை உடையது. அப்புரதம் பற்றிக்கொள்வதற்குரிய இடங்களும் நம் குடலில் இல்லை. வெயில் பட்டால் சில நாள்களிலேயே அதன் வீரியம் குன்றிவிடும்.

ஆகவே அச்சமே வேண்டாமா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி இதற்கு மிக நெருங்கிய உறவு. சமைத்த சோற்றை வெதுவெதுப்பில் நெடுநேரம் விட்டுவைத்தால் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குவது அதுவே. வழக்கமான ஆய்வுக்கூடச் சோதனைகள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இதனை ஆராய்ந்தது. இக்கிருமிக் குடும்பத்தால் நேரும் உணவு நோய்களில் பெரும்பாலானவை, ஒரு கிராம் உணவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் இருந்தபோதே நேர்ந்தன என்று கூறியது. ஆபத்து சிறிதே, ஆயினும் இல்லவே இல்லை என்று எவரும் சொல்லவில்லை.

'தீங்கு காணப்படவில்லை' என்பதும் 'தீங்கு இல்லை' என்பதும் ஒன்றல்ல. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து எண்டோசல்பான் பொழிந்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதைத் தடை செய்யும்முன் எத்தனை குழந்தைகள் விலை கொடுத்தார்கள்!

குருமடத்தில் அறநெறியியல் வகுப்பில் ஓர் எடுத்துக்காட்டைப் படித்ததுண்டு. புதரில் சலசலப்புக் கேட்கிறது. மானோ மனிதனோ என்று வேடனுக்கு ஐயம். ஐயம் தீராதவரை அவன் அம்பெய்யலாகாது. பிறர் உயிர் சம்பந்தப்பட்டவிடத்துப் பாதுகாப்பான வழியையே தேர வேண்டும். ஆனால் வேடன் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். கடன்பட்ட உழவர் பயிரைப் புழுவுக்கு விட்டுவிட்டுத் திரும்ப இயலுமா? கிருமியை அவர் மறுத்தால், கை நீளுவது பழைய நஞ்சுக் குப்பியை நோக்கித்தான். எனவே இங்கே பாதுகாப்பான வழி என்பது, கைக்கெட்டும் வழிகளுள் தீங்கு குறைந்ததைத் தேர்ந்து, எஞ்சிய தீங்கையும் கவனத்தால் குறைப்பதே. பதிவு எண் உள்ள மருந்தையே வாங்குதல், சொன்ன அளவை மீறாதிருத்தல், தெளித்தபின் பொறுத்து அறுத்தல் ஆகியவை உழவரின் கடமை. நன்கு கழுவுதலும், சமைத்ததை வெதுவெதுப்பில் கிடத்தாமையும் உண்பவரின் கடமை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபின்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. பெர்லினருக்குப் பத்தாண்டு முன்பே, 1901-இல், சப்பானிய அறிஞர் இஷிவாட்டா இதே கிருமியைக் கண்டறிந்திருந்தார். எங்கே தெரியுமா? நோயுற்று மடிந்த பட்டுப்புழுவில்! முதியவரின் வேலிக்கு அப்பால் முசுக்கொட்டைத் தோட்டம். அதன் இலையை நம்பிப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம் ஒன்று. காற்றில் பறக்கும் ஒரு துளி போதும், அவர்களது உழைப்பு அழிய.

நானும் அவரும் அதுவரை 'இது நமக்குத் தீங்கற்றதா?' என்று மட்டுமே கேட்டிருந்தோம். 'எனக்கு அடுத்திருப்பவர் யார்?' என்று அன்று சட்ட அறிஞர் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி, அவ்வேலியருகே புதுப்பொருள் பெற்றது. வாங்கி உண்பவர் மட்டுமல்லர். வேலிக்கு அப்பால் இருப்பவரும் அடுத்திருப்பவரே.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முதல்ல அவங்க வீட்டுல போய்க் கேட்டுட்டு வர்றேன் சாமி" என்று எழுந்தார். வேலியோரம் சில வரிசைகளுக்கு மருந்து வேண்டாம் என்றும், மற்றவற்றுக்குக் காற்றடங்கிய மாலையில் மட்டுமே தெளிப்பது என்றும் இரு வீட்டாரும் முடிவு செய்தனர்.

அவ்வாண்டுக் காணிக்கைப் பவனியிலும் அவர் கோஸ் கொண்டுவந்தார். இம்முறை எந்தப் பாத்தியில் விளைந்தது என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கென்று தனிப் பாத்தி அவரிடம் அப்போது இல்லை.