‘வேற குட்டி தர்றேன் சார்!’

மிக்ஸி வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் ஓடவில்லை. கடைக்குப் போய் வாரன்ட்டி கார்டை நீட்டுகிறீர்கள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு மிக்ஸி எடுத்துத் தருகிறார். கணக்கு முடிந்தது. பழைய மிக்ஸி என்ன ஆச்சு என்று நீங்கள் கவலைப்படப் போவதில்லை. படவும் வேண்டாம்.

இப்போது மிக்ஸிக்குப் பதில் ஒரு நாய்க்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய லாப்ரடார். வீட்டுக்கு வந்த அன்றே குழந்தைகள் பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பாலைத் தொடவில்லை. நாலாம் நாள் வாந்தி. அப்புறம் ரத்தமாகப் பேதி. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு ‘பார்வோ’ என்கிறார். விற்றவருக்கு போன் போட்டால் பதில் தயாராக இருக்கிறது.

“நான் குடுக்கும்போது நல்லாத்தான் சார் ஓடியாடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க என்னத்தக் குடுத்தீங்களோ! சரி விடுங்க, வேற குட்டி தர்றேன்.”

கேட்பதற்குப் பெருந்தன்மை மாதிரி இருக்கிறது. இல்லையா? ஆனால், அவர் சொன்ன இந்த இரண்டு வாக்கியத்திலும் இருக்கிற நியாயத்தை, அநியாயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், ‘குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு’. இது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் இந்தப் பார்வோ. உடம்புக்குள் நுழைந்து அறிகுறி தெரிவதற்குப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். அதாவது, பிரீடர் வீட்டில் ஒட்டிக்கொண்ட வியாதி உங்கள் வீட்டில் வந்துதான் வெளியே தெரியும். விற்றவருக்கு இந்த இடைவெளி ரொம்ப வசதி. பணம் கை மாறும்போது குட்டி வாலாட்டிக்கொண்டிருக்கிறது!

தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால், அதன் பாலில் இருந்து கொஞ்சம் பாதுகாப்பு குட்டிக்கும் கிடைக்கும். அது வாரக்கணக்கில்தான் தாங்கும். அது குறையக் குறைய, 6 முதல் 8 வாரத்தில் குட்டிக்குத் தனியாக ஊசி ஆரம்பிக்க வேண்டும். 16 வாரம் வரை, மூன்று நாலு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். தாய்க்கு ஊசி போடாமல், குட்டியை முப்பது நாளிலேயே பிரித்து விற்றால் என்ன ஆகும் என்பது நாய் வியாபாரத்தில் இருக்கிற யாருக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்கிற பிரீடரிடம் வாங்கிய குட்டியும் நோயில் விழலாம். உயிர் என்றால் அப்படித்தான். மனிதக் குழந்தைக்கே உத்தரவாதம் கிடையாது. ஆகவே, ‘குட்டி செத்தது, நீ குற்றவாளி’ என்று தீர்ப்பு எழுத முடியாது. குட்டி பிழைத்ததா இல்லையா என்பது கேள்வி அல்ல. அது பிழைப்பதற்கு அவர் செய்ய வேண்டியதைச் செய்தாரா என்பதுதான் கேள்வி. ‘எனக்குத் தெரியாது சார்’ என்பவரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது: ‘தெரிந்துகொள்ள முயற்சி பண்ணினீங்களா?’ பரிசோதனைக்குப் பணம் செலவாகும் என்று பரிசோதிக்காமல் விட்டவருக்கு ‘தெரியாது’ என்பது சாக்கு ஆகாது. அந்தத் தெரியாமையில்தான் அவர் லாபமே இருக்கிறது.

இது ஒன்றும் புதுப் பிரச்னை இல்லை. ஆரோக்கியக் கேடான ஒரு வீட்டை விற்கிறவன், அந்தக் கேட்டை வாங்குபவனிடம் சொல்ல வேண்டுமா? கிரேக்கத் தத்துவ ஞானிகள் டயோஜெனிஸும் (பீப்பாய்க்குள் வாழ்ந்தவர் இல்லை, இவர் பாபிலோன்காரர்) அவர் சீடர் ஆன்டிபேட்டரும் இதில் எதிரெதிராக நின்றார்கள். ‘வாங்குன்னு யாரும் கட்டாயப்படுத்தலையே, அவனுக்குக் கண் இல்லையா’ என்பது குருவின் கட்சி. ‘தெரிந்ததை மறைப்பது வழி தவறியவனுக்கு வழி சொல்லாமல் விடுவதைவிட மோசம்’ என்பது சீடர் கட்சி. இந்த வாதத்தைக் கி.மு. 44-ல் எழுதி வைத்த ரோமானியர் சிசரோ, சீடர் பக்கம்தான் நின்றார். ரோமில் சந்தையைக் கண்காணித்த அதிகாரிகள் இன்னொரு படி மேலே போய், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் அவற்றின் நோய் நொடிகளை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மனிதனையும் மாட்டையும் ஒன்றாக விற்ற கொடுமையான சமூகம் அது. அந்தச் சந்தைக்கே இந்த அளவு நாணயம் தேவைப்பட்டிருக்கிறது!

நம் ஊர் மாட்டுச் சந்தை வேறு மாதிரி. அங்கே பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் துண்டுக்குள் கையை விட்டு விலை. வாங்குபவரும் விற்பவருக்குச் சளைக்காத கில்லாடி. ‘கண் இல்லையா’ என்று அங்கே கேட்கலாம். அடுக்குமாடி வீட்டிலிருந்து முதல் முறையாக நாய் வாங்கப் போகிற அப்பாவுக்கும் பத்து வயசுப் பெண்ணுக்கும் அப்படி என்ன கண் இருக்கிறது? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் குட்டியின் கண்தான்.

அடுத்தது, ‘வேற குட்டி தர்றேன்’. மருத்துவ ரீதியாகவே இது அயோக்கியத்தனம். பார்வோ வைரஸ் தரையிலும் தட்டிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு மசியாது. போன குட்டி படுத்த அதே மூலையில், ஊசிகள் முழுசாகப் போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விட்டால் அதற்கும் அதே கதிதான்.

நியாய ரீதியாக இது இன்னும் மோசம். சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் அசையும் சொத்து. மிக்ஸி மாதிரி. பொருள் சரியில்லையா, திருப்பிக் கொடு, பணம் வாங்கிக்கொள். ஆனால், டிரிப் ஏறிக்கொண்டிருக்கிற குட்டியை எந்த வீட்டில் திருப்பிக் கொடுப்பார்கள்? கொடுத்தால் அங்கே அதற்கு வைத்தியம் நடக்காது என்று தெரியும். அதனால் கடனை வாங்கியாவது நீங்களே பார்ப்பீர்கள். இது விற்பவருக்கு நன்றாகவே தெரியும். உங்கள் பாசம்தான் அவருக்கு இன்ஷூரன்ஸ்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் இதைப் புரிந்துகொண்டு சட்டம் போட்டது. வாங்கின 15 நாளுக்குள் குட்டி நோயில் விழுந்து, விற்ற இடத்தில் வந்த நோய்தான் என்று டாக்டர் சான்று கொடுத்தால், திருப்பிக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அல்லது குட்டியை நீங்களே வைத்துக்கொண்டு, வாங்கின விலையில் ஒன்றரை மடங்கு வரை வைத்தியச் செலவை விற்றவரிடம் வசூலிக்கலாம். பிறவிக் கோளாறு என்றால் ஒரு வருஷம் வரை அவகாசம். மூன்றாவது வழியைக் கவனியுங்கள். மிக்ஸிக்கும் உயிருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி பிரீடர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஆனால், இந்த விதிகளைப் பெற்ற தாய்ச் சட்டம் 1960-ல் வந்தது. பிராணியைக் கொடுமைப்படுத்தினால் முதல் முறைக்கு அது வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை!

பழியை முழுக்க விற்பவர் தலையில் கட்டிவிட்டு நாம் நழுவவும் முடியாது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் பக் நாய் ஓடி வந்தது. ஊரெல்லாம் ‘அந்த நாய் வேணும்’ என்றது. சப்பை மூக்கு அழகு என்று நாம் பணம் கொடுக்கிறோம். அந்த மூக்குதான் அதை வெயிலில் மூச்சுவிடத் திணற வைக்கிறது. அங்கே குறை தற்செயல் இல்லை, ஆர்டர் கொடுத்துச் செய்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் நாம்.

இன்னொன்றும் செய்கிறோம். கூண்டில் சோர்ந்து கிடக்கிற குட்டியைப் பார்த்து ‘பாவம், நாம காப்பாத்தலாம்’ என்று வாங்கி வருகிறோம். அந்தக் குட்டி காப்பாற்றப்படலாம். ஆனால், காலியான கூண்டுக்கு அடுத்த குட்டி வந்துவிடும். நாம் கொடுத்த பணம்தான் அதைக் கொண்டுவருகிறது.

செத்த பிறகு ‘போனது போகட்டும், அலைய முடியாது’ என்று விட்டுவிடுவதும் அப்படித்தான். ரசீதும் டாக்டர் சீட்டும் இருந்தால், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. பணத்துக்காக இல்லாவிட்டாலும் கேளுங்கள். உங்கள் குட்டியின் கதை முடிந்துவிட்டது. அதைப் பெற்ற தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த ஈற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் லூசி என்று ஒரு நாய். வேல்ஸ் பகுதியில் ஒரு குட்டிப் பண்ணையில் கூண்டுக்குள் வைத்து ஈன்று ஈன்று, முதுகெலும்பு வளைந்துபோய், 2013-ல் மீட்கப்பட்டது. மூணு வருஷம் கழித்து இறந்துபோனது. அதன் பேரில்தான் 2020 ஏப்ரலில் அங்கே சட்டம் வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. பிறந்த இடத்தில், தாயோடு காட்டித்தான் விற்க வேண்டும்.

இதைச் செய்ய நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குட்டி பார்க்கப் போகும்போது, விலை பேசுவதற்கு முன்னால், ‘இதோட அம்மாவைக் காட்டுங்க’ என்று கேளுங்கள். ‘அது ஊர்ல இருக்கு சார்’, ‘இப்ப கடிக்கும் மேடம்’ என்று இழுத்தால் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுங்கள். கூட வந்த குழந்தை அழும். அழட்டும். எதற்காகத் திரும்பினோம் என்பதை வீடு வந்து சேர்வதற்குள் அதற்குச் சொல்லிவிடலாம்.